மறதி நோய் ஆய்வுக்கு வர நினைக்கும் நெல்லைச் சீமை மருத்துவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர்கள், எம்.டி. முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், இந்த வேலையில் கைகொடுக்க விரும்பும் உளவியலாளர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது. அல்சைமர், லூயி உறுப்பு நோய் (மூளை அணுக்களில் லூயி உறுப்பு எனும் புரதக் கட்டிகள் சேர்வதால் வருவது), ரத்தக்குழாய் மறதி நோய், பார்க்கின்சன் போன்ற மூளைத் தேய்வு நோய்களை ஆராயும் நரம்பியல் மருத்துவரின் பாதை எப்படி இருக்கும், இந்த மண்ணில் அந்த ஆய்வை எப்படிச் செய்வது என்பதே இங்குள்ள பேச்சு.

நரம்பியல் ஆய்வு மருத்துவர் ஆக எத்தனை ஆண்டு ஆகும்?

எம்பிபிஎஸ் நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, நீட் முதுநிலைத் தேர்வு எழுதிப் பொது மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, பிறகு நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி எழுதி டி.எம். நரம்பியல் 3 ஆண்டு. கூட்டினால் பதினொன்றரை ஆண்டு. தேர்வுக்குத் தயாராகும் காலம் தனி. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களும் டி.எம். நரம்பியலுக்குப் போகலாம். தேசியத் தேர்வு வாரியத்தின் டிஆர்என்பி படிப்பும் இதற்கு இணையானதுதான். அரசு இடத்தில் சேர்ந்தால் கட்டாயப் பணிக்காலத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சேரும் அன்றே முழுதாகப் படித்துவிடுங்கள். வெளியூரில் ஆய்வுப் பயிற்சிக்குப் போக நினைக்கும்போது அந்தப் பத்திரம்தான் முன்னால் வந்து நிற்கும்.

ஆய்வு அனுபவம் டி.எம்.-க்குப் பிறகுதான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். எம்.டி.யில் எப்படியும் ஒரு ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆனவர்களின் நினைவாற்றல், நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளின் சிந்தனைத்திறன் என்று ஒன்றை அப்போதே எடுத்துக்கொண்டால் டி.எம். நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். அதைவிட முக்கியம், நூறு பேரை உட்காரவைத்து நிதானமாகச் சோதித்த கை உங்களுக்கு வந்திருக்கும்.

டி.எம். முடித்த பிறகு?

மறதி நோயில் தனிப் பயிற்சி தேவை. டி.எம். காலத்தில் வலிப்பும் பக்கவாதமும்தான் வார்டை நிறைத்திருக்கும். மறதி நோயாளி ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க அங்கே வழியில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் மறதி நோய்க்கென்றே தனிக் கிளினிக் நடக்கிறது. ஓராண்டாவது அப்படி ஒரு கிளினிக்கில் உட்காருங்கள்.

அங்கே கற்க வேண்டியதில் முதலாவது சிடிஆர் என்ற மதிப்பீடு. நோயாளியிடமும் அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் தனித்தனியே பேசி, நினைவு, இடம்-காலம் அறிதல், முடிவெடுத்தல், வெளிவேலை, வீட்டுவேலை, தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் என ஆறு பகுதிக்கும் 0, 0.5, 1, 2, 3 என்று தரம் போடுவது (கடைசிப் பகுதிக்கு மட்டும் 0.5 கிடையாது). கேட்க எளிது. ஒரே நோயாளிக்கு இருவர் தனித்தனியே போட்டுப் பார்த்தால் 0.5-க்கும் 1-க்கும் நடுவில்தான் சண்டை வரும். அந்தச் சண்டை தீரும்வரை பழக வேண்டும். மருந்து ஆய்வுகளின் முடிவே பெரும்பாலும் இந்த அளவுகோலின் மேல்தான் நிற்கிறது.

எல்லாம் சரி, திருநெல்வேலியில் இருந்துகொண்டு உருப்படியாக ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். எதைச் செய்ய முடியாது என்பதில் மட்டும் தெளிவு வேண்டும்.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைப் படம்பிடிக்கும் அமிலாய்டு பெட் ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பயன்படும் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். சென்னையில் தயாராகும் மருந்தை 600 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியே பத்து மணி நேரத்தில் கொண்டுவந்தால், புறப்பட்டதில் நாற்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கார்பன்-11-க்கோ அரை ஆயுள் 20 நிமிடம்தான். இந்த வகை ஆய்வு, இப்பொருள்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அருகில் உள்ள ஊர்களுக்கானது. அவர்களோடு கூட்டுச் சேரலாம், போட்டி போட வேண்டியதில்லை.

நம்மிடம் இருப்பது மக்கள். 1998-இல் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு கணக்கு: மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்பது. அந்தக் குழு சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகப் போனது. ஒரே ஊர் மக்களை வழக்கமான அமெரிக்க அளவுகோலால் அளந்தால் ஒரு சதவீதம்கூட நோயாளிகள் தேறவில்லை. நம் சூழலுக்கேற்ற அளவுகோலால் அளந்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. காரணம் எளிது. நோய் என்று சொல்ல, அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் எழுபது வயது ஆச்சியிடம் யாரும் எந்த வேலையும் விடுவதில்லை. சோறு தட்டில் வரும், மாத்திரை கைக்கு வரும். “ஆச்சி நல்லாத்தான் இருக்காவ, வயசாயிட்டுல்லா” என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். கெட்டுப்போன திறமை வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. இப்படி மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் முறைகளை உருவாக்குவதுதான் இங்கிருந்து செய்யத்தக்க, உலகத்துக்கே தேவைப்படும் ஆய்வு. ஸ்கேன் இல்லையே என்று கை பிசைவதில் பொருளில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவரின் நினைவாற்றலை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

1975-இல் வந்த எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனை இன்றும் எல்லா வார்டிலும் ஓடுகிறது. அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5, படித்துச் செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, ஐங்கோணம் வரைவதற்கு 1. பள்ளிக்கூடமே போகாத ஒருவர் மூளை முழு நலமாக இருந்தாலும் இந்த 8-ஐ இழந்து 22-இல் நிற்பார். வழக்கமான வெட்டுக்கோடு, அதாவது இதற்குக் கீழே போனால் நோய் என்று சந்தேகிக்கும் எல்லை, 24. ஆக, சோதனை தொடங்கும் முன்பே அவருக்கு நோய் என்று எழுதியாகிவிட்டது. ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியவர்களுக்காக 1995-இல் இந்தச் சோதனையை இந்தியில் திருத்தி அமைத்ததற்குக் காரணமே இதுதான். ஏசிஇ-III என்ற இன்னொரு சிந்தனைத்திறன் சோதனையின் படங்களில் கங்காரு, பென்குவின், யாழ் போன்ற இசைக்கருவி, அக்கார்டியன் எல்லாம் வரும். களக்காட்டு விவசாயி அவற்றின் பெயரைச் சொல்லாவிட்டால் அது மறதி ஆகாது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் காதும் கண்ணும். காதில் குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பேச்சைச் சத்தமாக்கிக் கேட்கவைக்கும் கையடக்கக் கருவியும் ஹெட்போனும் பையில் இருக்கட்டும். கண்புரை இருந்தால் படம் காட்டும் பகுதியைத் தள்ளிவைத்து, அறுவை முடிந்த பிறகு முழுச் சோதனையும் செய்யுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியில் இருப்பதால் இது நடக்கக்கூடியதே. 2024-இல் வந்த லான்செட் குழுவின் அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேள்திறன் இழப்பையும் பார்வை இழப்பையும் சேர்த்திருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் அளந்து குறித்துவைப்பது சோதனைக்கும் உதவும், ஆய்வுத் தரவாகவும் ஆகும்.

அடுத்து சொற்பட்டியல். பத்துச் சொல்லை வாயால் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்து, ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்து நினைவிருப்பதைக் கேட்பது எழுத்தறியாதவருக்கும் பொருந்தும். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஏர், மாடு, வயல் என்று போட்டால் ஒன்று மற்றதை இழுத்து வந்துவிடும்.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கு என்ற கேள்வி நம் ஊரில் நன்றாகவே வேலை செய்யும், விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால். மாடு வளர்ப்பவர் பசு, காளை, கிடாரி, கன்னு, எருமை, எருமைக் கன்னு என்று அடுக்கிக்கொண்டே போவார். இதை ஆறாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா? சேவலும் மயிலும் சேருமா? இரண்டு களப்பணியாளர்கள் இரண்டு மாதிரி எண்ணினால் அந்தக் கேள்வியின் தரவே வீண். சொன்னது அத்தனையையும் சொன்ன வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். எண்ணுவதைப் பிறகு ஒருவரே செய்யட்டும்.

பேனாவை வாழ்நாளில் பிடிக்காதவரை வரையச் சொல்வதற்குப் பதில், நாலு தீக்குச்சியை ஒரு வடிவத்தில் அடுக்கிக் காட்டி அதேபோல அடுக்கச் சொல்லும் சோதனை உண்டு. கோலம் போடச் சொன்னால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஆண்களுக்குப் பொருந்தாது. தினம் போட்டுப் பழகிய கை, மனம் தடுமாறிய பிறகும் ஓடும். அதற்குத் தரம் பிரிக்கும் அளவு வேண்டும். அந்த அளவை உருவாக்குவதே ஒரு ஆய்வாகலாம்.

தேதி கேட்கும்போது ஆங்கில மாதம் வராவிட்டால் தமிழ் மாதமும் கிழமையும் ஏற்றுக்கொள்ளலாம். அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்று சரியாகச் சொல்பவருக்குக் காலம் தெரிகிறது என்றே பொருள். எதை ஏற்பது என்பது மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

வயதே தெரியாதவர்களை என்ன செய்வது?

ஆதாரில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று இருந்தால் அது யாரோ போட்டது. நிகழ்ச்சிகளை வைத்துக் கணக்கிடுங்கள். மணிமுத்தாறு அணை கட்டிய காலம் 1950-கள், தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அண்ணா முதல்வரானது 1967, அவர் மறைந்தது 1969, எம்ஜிஆர் மறைந்தது 1987 டிசம்பர், தாமிரபரணிப் பெருவெள்ளம் 1992 நவம்பர். அப்போது பள்ளிக்கூடம் போனீர்களா, கல்யாணம் ஆகியிருந்ததா, எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். இரண்டு நிகழ்ச்சியாவது ஒத்துப்போக வேண்டும். மறதி இருப்பவரிடம் கேட்டுவிட்டு, தம்பி தங்கையிடமும் சரிபாருங்கள். வயதில் ஐந்தாண்டு பிசகினால் நோய் விகிதமே மாறிவிடும். 65-க்கு மேல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்நோய் இரட்டிக்கிறது.

வீட்டில் யாரிடம் விவரம் கேட்பது?

வாசலில் வந்து நின்று பேசுபவரிடம் அல்ல. மூத்த மகன் மும்பையிலோ வளைகுடாவிலோ இருந்து போனில் “அப்பா தெளிவா பேசுதாங்களே” என்பார். பத்து நிமிடப் பேச்சில் யாரும் தெளிவாகத்தான் பேசுவார்கள். கூடவே இருந்து துணி துவைத்து, சாப்பாடு போடும் மருமகளுக்குத்தான் தெரியும், ஒரே கதை ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது என்று. ஆனால் மாமியார் காதில் விழும்படி அவர் வாய் திறக்க மாட்டார். ஒரு களப்பணியாளர் திண்ணையில் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ பேசும் அதே நேரத்தில், இன்னொருவர் அடுக்களைப் பக்கம் மருமகளிடம் பேச வேண்டும். பெண் பணியாளர் இல்லாமல் இது நடக்காது. அருகிலிருந்து விடையை எடுத்துக் கொடுக்கும் பேரனுக்கும் ஏதாவது வேலை கொடுத்து அனுப்புங்கள்.

கேள்விகள் அந்த ஊர் வேலையைத் தொட வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலையை அளவுக்கு வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, முனையை மடித்து நூல் கட்டும் விரல்கள் அல்சைமர் தொடங்கிப் பல காலம் கழித்தும் தயங்காது. கைப்பழக்கத்துக்கான நினைவு மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, புது நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்குவதால் அது உடனே போவதில்லை. அதனால் “பீடி சுத்துதாங்களா?” என்ற கேள்வி வீண். கட்டுக்கு எண்ணிக்கை சரியாக வருகிறதா, கடையில் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் கொடுத்த பீடிக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா, பாஸ் புத்தகத்தை எங்கே வைத்தார் என்று தெரிகிறதா? அங்கேதான் முதல் விரிசல் தெரியும். அதேபோல முதியோர் பென்ஷன் பணத்தை எண்ணி வாங்குவது, ரேஷன் கடையில் என்ன வாங்கினோம் என்பது, குலதெய்வக் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று எந்த வழியாகப் போவோம் என்பது. ஒருபோதும் சமைக்காத ஆணிடம் சமையலைப் பற்றிக் கேட்டு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வு என்றால் இப்படி. இந்திய முதியவர்களிடம் நாடளவில் நடந்த லாசி-டாட் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். இதை அடிப்படையாக வைத்து, ஒன்றரை சதவீதம் முன்பின் துல்லியம் போதும் என்றால் 1,170 பேர். கிராமம் கிராமமாகக் கொத்தாகத் தேர்வு செய்வதால் ஒன்றரையால் பெருக்க 1,755. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 1,950 முதியவர்களை வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணி விகிதம் சொன்னால் கட்டுரை திரும்பி வரும், வருவதுதான் நியாயம்.

நாற்று நடவு, அறுவடை நாளில் வீடு பூட்டியிருக்கும். கோயில் கொடை நடக்கும் வாரத்தில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் எந்தச் சோதனையும் நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளடங்கிய ஊர்களுக்குப் போவது கடினம். காலை 8 முதல் 11 வரைதான் முதியவர்களுக்குச் சுறுசுறுப்பான நேரம். மத்தியானம் சோதித்தால் மதிப்பெண் குறையும்.

மறதி நோய் மாதிரியே தோன்றி ஏமாற்றுபவை எவை?

ஆய்வில் சேர்க்கும் முன் இவற்றைத் தேடுவது ஆய்வுக்கு மட்டுமல்ல, அந்த மனிதருக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி. வைட்டமின் பி12 (ஒரு மில்லி ரத்தநீரில் 200 பிகோகிராமுக்குக் கீழ் குறைவு, 200–300 சந்தேகம்), தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரக அளவு, எச்ஐவி, சிபிலிஸ். தலை ஸ்கேன் ஒன்று. வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மந்தமாகும் முதியவருக்கு மூளை உறையடியில் ரத்தம் கட்டியிருக்கலாம், துளை போட்டு எடுத்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுவார். நடை கெட்டு, சிறுநீர் அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்தால் மூளைநீர்த் தேக்கத்தை நினையுங்கள். முதுகுத்தண்டில் 30–50 மில்லி நீர் எடுத்து, முன்னும் பின்னும் நடையை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

மாத்திரைப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொல்லுங்கள். டிரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின், தூக்க மாத்திரை ஆகியவை நினைவைக் கெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நீர் வற்றி, இரண்டு நாளில் குழம்பிப் பேசுபவருக்கு வந்திருப்பது திடீர்க் குழப்பம், மறதி நோய் அல்ல. அது தெளிந்த பிறகு சோதியுங்கள். குடிப்பவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கவே கூடாது. இல்லாத ஆட்களைப் பார்க்கிறார், ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம், கை கால் விறைப்பு, தூக்கத்தில் கத்தி அடிக்கிறார் என்றால் லூயி உறுப்பு மறதி நோயாக இருக்கலாம். அவருக்கு மனக்கிளர்ச்சியை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் ஊசி போட்டால் உடல் கட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்குக் கூட்டிப்போனவர்களில் இந்த நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அங்கே போனதற்காக வீட்டாரைத் திட்ட வேண்டாம், அவர்கள் சொல்லும் வர்ணனையில்தான் நோயின் பெயர் இருக்கிறது.

ரத்தத்திலேயே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஆம். பி-டாவ்217 என்ற புரதத்தின் அளவு மூளையில் அமிலாய்டு படிவதோடு நன்றாக ஒத்துப்போகிறது. அப்படி ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது பெரிய வாசல். ஸ்கேன் இயந்திரம் இருக்கும் ஊருக்கு ஆளை அனுப்புவதற்குப் பதில் ரத்தத்தை அனுப்பலாம்.

வேலை கெடுவது எடுத்த பிறகுதான். ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ குழாயில் எடுத்து மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். நாங்குநேரிக்கு அப்பால் எடுத்துவிட்டுப் பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும், அதனால் சிறிய சுழற்றி வண்டியிலேயே இருக்கட்டும். பிளாஸ்மாவை அரை மில்லி வீதம் பாலிபுரொப்பிலீன் குப்பிகளில் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். கண்ணாடி, பாலிஸ்டைரீன் குப்பிகள் ஆகாது, அமிலாய்டு புரதம் அவற்றின் சுவரில் ஒட்டி அளவைக் குறைத்துக் காட்டும். முதுகுத்தண்டு நீருக்கு இது இன்னும் கண்டிப்பான விதி. ஒருமுறை உருகி மறுபடி உறைந்த குப்பியைத் தனியே குறியிடுங்கள். ஒரே ஆளின் குப்பிகளை இரண்டு உறைபெட்டிகளில் பிரித்து வைத்தால், நள்ளிரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் எடுக்காத நாளில் பாதியாவது மிஞ்சும்.

முடிவைப் படிக்கும்போது கிரியேட்டினினைச் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானால் இந்தப் புரதம் ரத்தத்தில் தானாகவே ஏறும். சர்க்கரையும் சிறுநீரக நோயும் மிகுந்த நம் மக்களிடம் வெளிநாட்டு வெட்டுக்கோட்டை அப்படியே போட்டால் தவறான ஆளுக்கு அல்சைமர் என்று சொல்லிவிடுவோம்.

ஒப்புதல் வாங்குவதில் என்ன சிக்கல்?

கைநாட்டு. மை தடவிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னாலே சொத்து எழுதி வாங்குகிறார்கள் என்ற பயம் வரும், அந்தப் பயத்துக்குப் பல வீட்டில் காரணமும் இருக்கும். பென்ஷனை நிறுத்த வந்தவர்கள் என்று எண்ணுபவர்களும் உண்டு. முதல் நாள் வெறுமனே போய்ப் பேசிவிட்டு, காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படித்த பிள்ளைகள் யாராவது வாசித்துச் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும். ஊர்த் தலைவரைச் சாட்சியாக்காதீர்கள், அவர் முன் மறுக்க யாருக்கும் வாய் வராது. நோய் முற்றியவருக்குச் சட்டப்படியான உறவினர் ஒப்புதல் தருவார். அப்போதும் நோயாளி கையை இழுத்துக்கொண்டால், முகத்தைத் திருப்பினால், அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதற்கும் இந்நோய்களுக்கும் தொடர்பு உண்டா?

முதுமையில் வரும் சாதாரண அல்சைமருக்கு நேரடித் தொடர்பு சொல்ல முடியாது. ஆனால் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் திருமணங்களில் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு சேர்வதால் வரும் நோய்கள் கூடுகின்றன: உடலில் செம்பு சேரும் வில்சன் நோய், ஃபிரீட்ரைக் தள்ளாட்டம், பார்க்கின் மரபணுவால் இளவயதில் வரும் பார்க்கின்சன். இருபது வயதுப் பையனுக்குக் கை நடுக்கமும் குணமாற்றமும் என்றால் கண்ணில் செம்பு வளையத்தைத் தேடுங்கள். வில்சன் நோய்க்கு மருந்து இருக்கிறது, தாமதித்தால்தான் மூளை போகும். வம்சப் படம் வரையும்போது சொந்தத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. “அத்தான்”, “மைனி” என்று கூப்பிடுவதை வைத்து உறவை ஊகிக்காமல், யாருக்கு யார் பிறந்தவர் என்று பெயர் வாரியாகக் கேளுங்கள்.

60 வயதுக்கு முன்பே மறதி, குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அப்படி என்றால் ஏபிபி, பிரிசெனிலின் 1, பிரிசெனிலின் 2 மரபணுக்களைச் சோதிக்கலாம். நோயில்லாத பிள்ளைகளுக்கு முடிவைச் சொல்வதா என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இந்தத் தகவல் வெளியே கசிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே தடம் மாறும்.

வல்லாரையும் பிரமியும் உதவுமா?

மறதி நோயை நிறுத்தும் என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை. ஆராய விரும்பினால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கூட்டாகச் செய்யலாம். எந்த ஊர் இலை, எந்தப் பருவம், மருந்துப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று தரப்படுத்திய சாறு, அதே நிறமும் வாசனையும் உள்ள போலி மருந்து, முன்பதிவு செய்த ஆய்வுத் திட்டம். இவை இல்லாமல் செய்தால் சித்த மருத்துவத்துக்கும் நியாயம் செய்தது ஆகாது.

புதிய மருந்துகள் பற்றிக் குடும்பத்தாரிடம் என்ன சொல்வது?

மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் மருந்தின் ஆய்வில் 1,795 பேர், 18 மாதம். நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது, சிடிஆரின் ஆறு பகுதித் தரங்களையும் கூட்டும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம். நோய் நிற்கவில்லை, போனது திரும்பவுமில்லை. ஆரம்ப நிலையில் மட்டும், அமிலாய்டு உறுதியான பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். மூளை வீக்கம் 12.6 சதவீதம் பேருக்கு வந்தது, அதனால் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ தேவை. நிலத்தை விற்கலாமா என்று கேட்டால், இந்த எண்களைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்றே நாங்கள் சொல்வோம். டோனபெசில் இரவில் 5 மில்லிகிராமில் தொடங்கி, 4–6 வாரம் கழித்து 10. நாடித்துடிப்பு குறைவாக இருந்தால் ஈசிஜி பார்க்காமல் தர வேண்டாம்.

ஆய்வுக்குப் பணம்?

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியாருக்குத் தரும் ஆய்வுத் திட்டங்கள், டிபிடி/வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸின் மருத்துவர்களுக்கான ஆய்வு ஊக்கத்தொகை ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பணத்தைவிட நேரம்தான் அரிது. வாரத்தில் இரண்டு நாள் புறநோயாளிப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தைக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். மருந்து ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பணமோ, மாதிரியை வெளியே அனுப்புவதோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக்குழு அனுமதியும் தேவை, மாதங்கள் ஆகும். திட்டத்தில் களப்பணியாளர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். பயிற்சி பெற்றவர் நடுவில் விலகினால் புதியவரின் மதிப்பீடு பழையவரோடு ஒத்துப்போகிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

டாக்டர் அல்லாதவர்களுக்கு இடம் உண்டா?

நிறைய. மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், புள்ளியியல் படித்தவர், உயிர்வேதியியல் படித்தவர், சமூகப்பணி படித்தவர். உள்ளூர்ப் பேச்சு தெரிந்து, முதியவர் ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லும்போதும் முகம் சுளிக்காமல் கேட்கத் தெரிந்தவர்தான் எல்லாருக்கும் முந்தித் தேவை.

மூளை தானம்?

உறுதியான நோய்ப்பெயர் இன்றும் நுண்ணோக்கியின் கீழ்தான் கிடைக்கிறது. நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. முகம் சிதையாது, சடங்குகள் வழக்கம்போல நடக்கும். இந்தப் பேச்சை மரண வீட்டில் தொடங்கக் கூடாது. நோயாளி தெளிவாக இருக்கும் காலத்திலேயே, அவரிடமே கேட்க வேண்டும்.

ஆய்வு முடிந்ததும் குடும்பத்துக்கு என்ன கொடுக்க வேண்டும்?

நோயின் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு தாள், பி12 போன்ற முடிவுகளின் நகல், நிறுத்த வேண்டிய மாத்திரைகளின் பட்டியல், அடுத்து எங்கே எந்தக் கிழமை வர வேண்டும் என்ற விவரம், போனில் பேசக்கூடிய ஒரு ஆளின் எண். அலைந்து திரிபவருக்குப் பெயரும் போன் எண்ணும் தைத்த சட்டை, இரவில் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள், கிணற்றுக்கு மூடி. சொத்து, வங்கிக் கணக்கு விவகாரங்களை அவர் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் ரத்த அழுத்தத்தையும் அன்றைக்கே பாருங்கள், அவரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.